தெரிவும் தகுதியும்: அணிசேர்த்தல் பற்றிய ஒரு சைவ சித்தாந்த விசாரணை

ஒருவரை ஒரு பணிக்கோ ஒரு குழுவுக்கோ தெரிந்தெடுக்கும்போது, அவரிடம் முன்னரே அமைந்திருக்கும் தகுதியைத் தெரிவாளர் கண்டறிகின்றாரா, அல்லது தெரிவுக்குப் பின்னர் அவருக்கு வாய்க்கும் சூழலே அத்தகுதியை ஆக்கித் தருகின்றதா என்பது மெய்யியலும் சமயமும் நெடுங்காலம் எதிர்கொண்டுவரும் வினாவாகும். திருக்குறளின் பொருட்பால் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை இதற்கென ஒதுக்கியுள்ளது. ஈசாயின் புதல்வருள் ஒருவனை அரசனாகத் தேர்ந்தெடுக்கச் சாமுவேல் அனுப்பப்பட்ட வரலாற்றை விவிலியம் விரிவாகவே கூறுகின்றது. இக்காலத்தில் இவ்வினா மறைப்பேதுமின்றி எழும் களம் தொழில்முறை விளையாட்டு ஆகும். அங்கே மனிதர்கள் பெயர் கூறி அழைக்கப்பட்டு வரிசையெண் இடப்படுகின்றனர். சில ஆண்டுகள் கழிந்ததும் அவ்வரிசை சரியா, பிழையா என்ற தீர்ப்பும் வெளிப்படையாக வழங்கப்படுகின்றது. அத்தீர்ப்பு எதனை அளக்கின்றது, யாரை அளக்கின்றது என்பதே இங்கு ஆராயப்படுகின்றது.

அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம், சுருக்கமாக என்.பி.ஏ., ஆண்டுதோறும் நடத்தும் வீரர் தெரிவு முறை 'டிராஃப்ட்' எனப்படும். தொழில்முறை ஆட்டத்துக்குப் புதிதாக வரும் இளைஞர்களை அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும் இவ்வேற்பாடு 1947ஆம் ஆண்டு தொடங்கியது. முந்திய பருவத்தில் மிகவும் பின்தங்கிய அணிக்கே முதற்றெரிவு கிட்ட வேண்டும் என்பது இதன் அடிப்படை நெறியாகும். முதலிடத்தைப் பெறும் ஆசையில் அணிகள் வேண்டுமென்றே தோற்கக்கூடும் என்ற ஐயம் எழுந்தமையால், 1985 முதல் திருவுளச்சீட்டை ஒத்த ஒரு குலுக்கல் முறையும் இதனுடன் சேர்க்கப்பட்டது. 2019 முதல், மிகப் பின்தங்கிய மூன்று அணிகளும் முதற்றெரிவுக்கு நூற்றுக்குப் பதினான்கு என்ற சமவாய்ப்பையே பெறுகின்றன. நலிந்தவருக்கு முன்னுரிமை என்ற அறநெறியும் குலுக்கலின் குருட்டுத்தன்மையும் இவ்வாறு ஒரே ஏற்பாட்டில் இணைந்துள்ளன. ஆயினும் இங்கே நலிந்தவர் எனக் கருதப்படுவது அணியே என்பதையும், தெரிந்தெடுக்கப்படும் இளைஞர் தாம் எந்த ஊருக்கு, எந்தப் பயிற்றுநரிடம் செல்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாதவர் என்பதையும் மறந்துவிடலாகாது.

தெரிவாளர் முன் இரண்டு அளவுகோல்கள் உள்ளன. எஞ்சியிருப்போருள் மிகச் சிறந்தவரை, அணியின் தேவையைக் கருதாமல் எடுப்பது ஒன்று. குழாமில் எந்த இடம் வெறுமையாக உள்ளதோ அதற்குப் பொருந்துபவரை எடுப்பது மற்றொன்று. 1984ஆம் ஆண்டு போர்ட்லாந்து அணி இரண்டாவது வழியைத் தெரிந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கிளைட் டிரெக்ஸ்லர் என்ற ஆற்றல்மிக்க பக்கவாட்ட வீரரை அது பெற்றிருந்தது. கூடைக்கு அருகில் நின்று ஆடும் உயரமான நடுவாட்ட வீரரே அதற்குத் தேவைப்பட்டார். ஆகவே இரண்டாவது தெரிவில் சாம் போவியை அது எடுத்துக்கொள்ள, மூன்றாவது தெரிவில் மைக்கேல் ஜோர்டன் சிக்காகோவுக்குச் சென்றார். போவியின் விளையாட்டு வாழ்வைக் கால் முறிவுகள் மீண்டும் மீண்டும் குலைத்தன. ஜோர்டன் ஆறு சாம்பியன் பட்டங்களை வென்றார். இத்தெரிவை வரலாற்றின் மிகப் பெரிய பிழைகளுள் ஒன்றாகக் கூறுவது வழக்கமாகிவிட்டது. எனினும், முடிவைத் தெரிந்துகொண்ட பின்னர் வழங்கப்படும் இத்தீர்ப்பில் ஓர் அநீதி உள்ளது. போர்ட்லாந்தின் காரணம் அன்று அறிவுக்கு முரணானதன்று. சிக்காகோவில் ஜோர்டனுக்கு வாய்த்த பயிற்றுநரும் துணைவீரர்களும் காலமும் வேறோர் ஊரில் வாய்த்திருப்பார்கள் என்பதற்கும் உறுதியில்லை. நிகழாத ஒன்றை அளவுகோலாக்கி நிகழ்ந்ததை அளப்பதாகவே இத்தகைய மதிப்பீடு அமைகின்றது.

இதனினும் கற்கத்தக்க எடுத்துக்காட்டு 2003ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு லெப்ரோன் ஜேம்ஸுக்கு அடுத்ததாக, சேர்பியாவைச் சேர்ந்த டார்கோ மிலிசிச் என்ற பதினெட்டு வயது இளைஞரை டிற்றொய்ற் அணி தெரிந்தெடுத்தது. அவருக்குப் பின்னர் தெரியப்பட்ட கார்மெலோ அன்ரனி, கிறிஸ் போஷ், டுவெய்ன் வேட் ஆகிய மூவரும் பெரும்புகழ் பெற்றனர்; மிலிசிச்சோ சில ஆண்டுகளில் வேறோர் அணிக்கு அனுப்பப்பட்டு, பின்னர் பல அணிகளில் அலைந்தார். ஆனால் அவரை எடுத்த டிற்றொய்ற் அணி, பின்தங்கிய அணியன்று. பழைய உடன்படிக்கை ஒன்றின் மூலம் பிறிதோர் அணியின் இடத்தைப் பெற்றிருந்த அவ்வணி, அடுத்த ஆண்டே, அதாவது 2004இல், சாம்பியன் பட்டம் வென்றது. முழுமை பெற்றிருந்த அக்குழாமில் ஓர் இளைஞர் தவறி விழுந்து கற்றுக்கொள்வதற்கு இடமிருக்கவில்லை. தேராமல் நம்புவதும், தேர்ந்து நம்பியவரிடத்து ஐயங்கொள்வதும் ஒருசேரத் தீராத துன்பம் தரும் என்பது வள்ளுவர் கருத்து. அதன் இரண்டாம் பாதியை விளையாட்டு விமரிசகர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. மிலிசிச்சின் வரலாற்றில் தோற்றவர் யார் என்ற வினாவுக்கு அவர் பெயரை மட்டும் விடையாகக் கூறுவது போதாது.

இவ்விடத்திலே சைவ சித்தாந்தம் பெரிதும் துணைபுரிகின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம், பதி, பசு, பாசம் எனும் முப்பொருளின் இயல்பைப் பன்னிரண்டு சூத்திரங்களில் நிறுவுகின்றது. இவற்றுள் பசு எனப்படும் ஆன்மா, தனித்து நின்று தன்னை விளக்கிக்கொள்ளும் பொருளும் அன்று, முற்றிலும் அறிவற்ற சடமும் அன்று. அது எதனைச் சார்கின்றதோ அதன் தன்மையாய் நிற்பது. இவ்வியல்பையே சித்தாந்திகள் 'சார்ந்ததன் வண்ணமாதல்' என்பர். பாசத்தைச் சார்ந்திருக்கையில் பாசமாகவும், பதியைச் சாருங்கால் சிவமாகவும் விளங்கும் இவ்வான்மாவுக்குச் 'சதசத்து' என்ற பெயரும் இதனாலேயே ஏற்பட்டது. சத்தோடு கூடிச் சத்தாகவும் அசத்தோடு கூடி அசத்தாகவும் நிற்பது என்பது அப்பெயரின் கருத்து. தன்மீது படும் நிறத்தைக் காட்டும் பளிங்கை இதற்கு உவமையாகக் கூறுவது சித்தாந்த மரபு. பளிங்கு இல்லாதவிடத்து நிறம் அவ்வாறு ஒளிவிடாது என்பதையும் அம்மரபே நினைவூட்டுகின்றது. ஆகவே, ஆற்றல் முழுவதும் சூழலின் படைப்பு என்று கூறுவது சித்தாந்தம் ஆகாது. ஆன்மாவுக்கு அறியும் ஆற்றல் உண்டு, ஆனால் விளக்குவது விளக்கினாலன்றி அது விளங்காது என்பதே அதன் நிலைப்பாடு.

அம்மரபு மேலும் ஒரு நுட்பத்தைக் கூறுகின்றது. கண்ணுக்குக் காணும் ஆற்றல் இருப்பினும், கதிரவன் ஒளி பொருளைக் காட்டவும் உயிர் கண்ணோடு உடனின்று காணவும் வேண்டும். அவ்வாறே இறைவன் உயிருக்குக் காட்டும் உதவி, உடனின்று காணும் உதவி என இரண்டையும் செய்கின்றான். காட்டுதலோடு நின்றுவிடாமல், காண்பவரோடு சேர்ந்து காணுதலும் அருளின் கடமையாக இங்கே வைக்கப்பட்டுள்ளது. இறைவனுக்கு உரிய இதனை மனிதத் தெரிவாளருக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் மிகையாகும். எனினும், ஒருவரைத் தெரிந்தெடுத்தவர் அவருடைய ஆட்டத்தைக் கரையில் நின்று மதிப்பிடும் பார்வையாளராக மாறிவிடும் உரிமையற்றவர் என்பதற்கு இதைவிட ஆழமான அடிப்படை கிடைப்பது அரிது. சார்பைத் தந்தவரே வண்ணத்துக்கும் பொறுப்பாவார்.

சார்பின் வலிமையை ஈழத்தமிழ் வாசகர் நன்கு அறிந்த ஓர் ஆட்டத்திலேயே காணலாம். வலைப்பந்தாட்டம் கூடைப்பந்தாட்டத்தின் கிளையாக வளர்ந்தது. இரண்டிலும் வளையம் 3.05 மீற்றர் உயரத்திலேயே உள்ளது. ஆனால் வலைப்பந்தாட்டத்தில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. கையில் கிடைத்த பந்தை மூன்று விநாடிகளுக்குள் எறிந்துவிட வேண்டும். ஏழு வீராங்கனைகளுள் இருவருக்கு மட்டுமே வளையத்தை நோக்கி எறியும் உரிமை உண்டு. அவ்விருவரும் எறிவட்டத்துக்குள் நின்றே எறிதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கம் ஆறடி பத்து அங்குல உயரமுடையவர். 2009இலும் 2018இலும் ஆசியக் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அவர் அணியில் இருந்தார்; 2019ஆம் ஆண்டு லிவர்பூலில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் எல்லா நாட்டு வீராங்கனைகளையும் விட அதிக கோல்களைப் போட்டவரும் அவரே. எதிரணியின் காவல் வீராங்கனை எட்டமுடியாத உயரத்தில் பந்தைப் பற்றும் அவருடைய ஆற்றல் நிகரற்றது.

அவ்வுயரம், பந்து தம் கைக்கு வந்துசேரும் வரையில், அவருக்கு ஒரு கோலையும் தராது என்பதை ஆட்டத்தின் விதிகளே உறுதிசெய்கின்றன. ஆடுகளத்தின் தமக்குரிய மூன்றிலொரு பகுதியை விட்டு வெளியேற முடியாத ஒருவருக்கு, நடுக்களத்திலிருந்து பந்தைக் கொண்டுவந்து, காவலரின் விரல்களுக்கு மேலாகவும் அவருடைய கைகளுக்குச் சரியாகவும் உயர்த்தி எறிவோர் வேண்டும்; அவ்வெறிதல் இயல்பாகக் கைவருவதன்று, அவருடைய உயரத்துக்கெனவே பழகிக்கொள்ளப்படுவது. சிங்களச் சூழலில் வளர்ந்த சக வீராங்கனைகளோடு ஒரு தமிழ் வீராங்கனை மூன்று விநாடிக்குள் ஒத்திசைய வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, அணிப்பொருத்தம் என்பது உடலளவுகளின் கூட்டல் கணக்கன்று என்பது துலங்கும். இவ்வாறே 1962 மார்ச் 2ஆம் நாள் வில்ற் சேம்பர்லெயின் ஒரே ஆட்டத்தில் நூறு புள்ளிகள் பெற்ற சாதனையை அனைவரும் நினைவில் வைத்துள்ளனர். அவ்வாட்டத்தில் புள்ளியாக மாறிய இருபது பந்துகளைக் கொடுத்தவர் கை றொஜர்ஸ் என்பதை நினைப்போர் மிகச் சிலர். உயரத்தால் ஒருவர் தெரியப்பட்டும் சார்பு வாய்க்காமற்போவதும் உண்டு. பஞ்சாபின் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற ஏழடி இரண்டங்குல உயரமுடைய சத்னம் சிங், 2015இல் டல்லாஸ் அணியால் ஐம்பத்திரண்டாவதாகத் தெரியப்பட்டு, என்.பி.ஏ. தெரிவில் இடம்பெற்ற முதல் இந்தியரானார்; ஆனால் அதன் பருவகால ஆட்டமொன்றிலும் அவர் களமிறங்கவில்லை.

இங்கே சித்தாந்தத்துக்கு உள்ளிருந்தே ஒரு மறுப்பு எழும். உயிர்களுக்கு அவற்றின் வினைக்கேற்பத் தனு, கரணம், புவனம், போகம் ஆகிய நான்கையும் இறைவன் கூட்டுகின்றான் என்பது அதே நெறியின் கோட்பாடு. தனு என்பது உடம்பு, கரணம் என்பது மனம் முதலிய கருவிகள், புவனம் என்பது பிறந்து வாழும் இடம், போகம் என்பது நுகர்வு. அவ்வாறாயின் ஒருவருடைய உயரமும், அவர் பிறந்த ஊரும், அவருக்கு வாய்த்த அணியும் அவரவர் வினையின் பயனே அன்றோ, அதில் தெரிவாளரின் பொறுப்பு எங்கே வருகின்றது என்று கேட்கலாம். முல்லைத்தீவு மாவட்டத்தில் நின்று இம்மறுப்பைக் கேட்போர் அதனை எளிதில் ஏற்கமாட்டார்கள். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்த போரில் உடன்பிறந்தோரையும் உடலுறுப்புகளையும் பள்ளி ஆண்டுகளையும் இழந்த சிறுவர்களிடம், அப்புவனம் உங்கள் வினைக்கேற்பத் தரப்பட்டது என்று கூறுவது சமயமாகாது. அது துயருற்றவர்மீது குற்றத்தையும் ஏற்றுவதாகும். வினைக் கொள்கை ஒருவர் தம் துன்பத்தைத் தாமே நோக்கும்போது தாங்கும் வலிமை தரலாம். பிறர் துன்பத்தை விளக்கவோ, பிறர்க்குச் செய்யவேண்டியதைத் தட்டிக்கழிக்கவோ அதனைக் கையாளுதல் தகாது. வினையை ஊட்டுவோன் இறைவன் என்று சொல்லும் நெறியிலே அப்பணியைத் தெரிவுக்குழு ஏற்றுக்கொள்ள முடியாது.

மேலைநாட்டு மெய்யியலிலும் இதே இடத்தில் இருவர் எதிரெதிராக நிற்கின்றனர். ஜோன் றோல்ஸ் 1971இல் வெளியிட்ட நூலில், இயற்கையாக வாய்த்த திறமைக்கு ஒழுக்க நோக்கில் எவரும் உரித்தாளர் அல்லர் என்றும், அத்திறமையின் பயன் மிக நலிந்தோருக்கும் நன்மை செய்யும் வகையில் சமூகம் அமைய வேண்டும் என்றும் வாதிட்டார். 1974இல் றொபேட் நொஸிக் அதற்கு மறுமொழியாகக் கூடைப்பந்தாட்டத்தையே எடுத்துக்கொண்டார். சேம்பர்லெயினைக் காண விரும்பும் ஒவ்வொருவரும் தாமாகவே இருபத்தைந்து சதம் கூடுதலாகச் செலுத்துகின்றனர், பத்து இலட்சம் பேர் வருகின்றனர், அவர் பெருஞ்செல்வராகின்றார். ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலும் விருப்பப்படி நிகழ்ந்திருக்க, விளைவில் அநீதி எங்கே என்பது அவருடைய வினா. வாதம் கூரியது, ஆனால் அதன் நாயகருடைய உண்மை வரலாறு அதற்கு எதிராகவே சாட்சி சொல்கின்றது. அக்காலத்தில் 'எல்லைத் தெரிவு' என்றொரு விதி இருந்தது. தன் ஊரைச் சார்ந்த வீரர் ஒருவரை, பொதுத் தெரிவுக்கு முன்னரே அணி உரிமை கொண்டாட அது இடமளித்தது. சேம்பர்லெயின் பிலடெல்பியாவில் பள்ளிக்கல்வி பயின்றவர் என்ற காரணத்தால் அவ்வூர் அணிக்கு உரியவராக்கப்பட்டு, 1959இல் அங்கே சேர்ந்தார். பல்கலைக்கழகத்தை விட்டு முன்னரே வெளியேறியிருந்தும், தம் வகுப்பு பட்டம்பெறும் காலம் வரை சங்கத்தில் ஆட அனுமதிக்கப்படாமையால் ஓராண்டு காட்சி ஆட்டக்குழு ஒன்றில் ஆடிவந்தார். நொஸிக் கற்பனைசெய்த விருப்ப ஒப்பந்தத்தை உண்மையான சேம்பர்லெயின் ஒருபோதும் பெறவில்லை. தனித்து நின்று தன் திறமையை விற்கும் மனிதன் என்ற உருவமே சார்பை மறைத்துவிட்டுத்தான் வரையப்படுகின்றது.

எல்லைத் தெரிவை ஒத்த ஓர் உணர்வு, சட்டமாக இல்லாவிடினும், இலங்கையிலும் தோன்றியது. 2020ஆம் ஆண்டு தொடங்கிய லங்கா பிறீமியர் லீக் துடுப்பாட்டத் தொடரும் டிராஃப்ட் முறையையே கைக்கொண்டது. முதலாண்டில் யாழ்ப்பாணப் பெயர் தாங்கிய ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணி, பெருந்தொற்றுக் காரணமாக எல்லா ஆட்டங்களும் அம்பாந்தோட்டையிலேயே நடந்தமையால் தன் மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடாமலே கிண்ணத்தை வென்றது. குழாமில் வடக்கு இளைஞர்களுக்கு இடம் கொடுத்ததை வெறும் அடையாளச் செயல் என்று கருதியோர் இருந்திருக்கலாம். அவர்களுள் ஒருவராகிய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், பத்தொன்பது வயது நிறைவதற்கு முந்திய நாளில் களமிறங்கித் தம் முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தினார். 2024இல் இந்தியன் பிறீமியர் லீக்கின் ஐதராபாத் அணி, காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக அவரைச் சேர்த்துக்கொண்டது. முதலாண்டில் அதே யாழ்ப்பாண அணியின் முதன்மைச் சுழற்பந்து வீச்சாளராக இருந்தவர் ஹசரங்க. இருவரும் மணிக்கட்டுச் சுழலாளர்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே குழாமில் யாரை அருகிருந்து கண்டாரோ, அவருடைய இடத்துக்கே ஓர் இளைஞர் பொருத்தமானவரானார் என்பது சார்பின் பயனை உணர்த்தும் அரிய சான்றாகும். 2020 தெரிவை அவ்வாண்டின் புள்ளிவிவரத்தால் மட்டும் மதிப்பிட்டிருந்தால் இது கணக்கில் வந்திராது.

முல்லைத்தீவுக்கு இவ்வழி எளிதில் திறப்பதன்று. புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய் ஆகிய பகுதிகளின் பள்ளி மைதானங்களில் வலைப்பந்தாட்டமும் கரப்பந்தாட்டமும் உதைபந்தாட்டமும் நிகழ்கின்றன. கோட்டம், வலயம், மாகாணம் எனப் படிப்படியாக ஏறித் தேசிய மட்டத்தை அடையும் பாடசாலைப் போட்டிகளே அங்குள்ள பிள்ளைகளுக்கு வாய்க்கும் தெரிவுக்களம். பின்தங்கியோருக்கு முன்னிடம் என்ற டிராஃப்ட் நெறியை இம்மாவட்டம் வேறொரு துறையில் அறியும். இலங்கைப் பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு நாற்பது இடங்கள் நாடளாவிய திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்ட மக்கள்தொகை விகிதத்துக்கும், எஞ்சிய ஐந்து கல்வியில் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் என ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. அப்பதினாறில் முல்லைத்தீவும் ஒன்று. எழுபதுகளில் தரப்படுத்தல் என்ற பெயரில் வந்த மாற்றங்கள் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியின் நினைவு ஆறாதது. மாவட்ட ஒதுக்கீடு வன்னிப் பிள்ளைகளுக்கு வாயில் திறந்ததும் மறுக்கமுடியாதது. இரண்டையும் ஒருங்கே ஏற்பதே நேர்மை. ஆயினும் டிராஃப்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முதன்மையானது: அங்கே நலிந்த அணி ஆற்றலுள்ள இளைஞரைப் பெறுகின்றது, இங்கே நலிந்த ஊரின் இளைஞர் ஆற்றலுள்ள நிறுவனத்தைச் சார்கின்றார். சார்ந்ததன் வண்ணமாதல் என்ற நெறிக்கு அணுக்கமானது பின்னதே. விளையாட்டில் அத்தகைய ஓர் ஏற்பாடு இல்லை. திறமையைப் பார்த்துத் தெரிவோம் என்ற ஒற்றைச் சொல்லின் கீழ், எவருடைய திறமை பார்வைக்கு எட்டியது என்ற வினா மூடப்பட்டுவிடுகின்றது.

சாமுவேலின் வரலாறு இதனையே தொடுகின்றது. முதற்புதல்வனின் தோற்றத்தையும் உயரத்தையும் கண்டு இவனே அரசன் என அவர் எண்ணியதும், அவ்வளவுகோல் மறுக்கப்பட்டதும் பலராலும் எடுத்துரைக்கப்படும் பகுதி. அதனினும் முக்கியமானது அடுத்து நிகழ்வது. எழுவர் கடந்து சென்ற பின்னர், உன் பிள்ளைகள் இவ்வளவுதானா என்று அவர் தந்தையிடம் கேட்கின்றார். இளையவன் ஒருவன் ஆடு மேய்க்கச் சென்றிருப்பது அப்போதுதான் தெரியவருகின்றது. பெற்ற தந்தையே அவனை வரிசையில் நிறுத்தவில்லை. அவன் வந்துசேரும் வரையில் பந்தியில் அமர்வதில்லை என்று சாமுவேல் கூறிவிடுகின்றார். போவியையும் மிலிசிச்சையும் பற்றிய தீர்ப்புகள் எழுதப்படுவதற்கேனும் அவர்கள் வரிசையில் நின்றிருந்தனர்; பிழையான தெரிவு என்ற பெயரைப் பெறுவதற்கும் முதலில் தெரியப்பட்டிருக்க வேண்டும். ஆகவே ஓர் அணியின் தெரிவுகளை மதிப்பிடுவோர், தெரியப்பட்டவர் என்ன ஆனார் என்பதோடு, அவருக்கு எத்தனை ஆட்டங்கள் கொடுக்கப்பட்டன, அவர் யாருடைய அருகில் பயின்றார், தெரிவாளர் எந்த ஊர்களின் மைதானங்களைப் பார்க்காமலே பட்டியலை முடித்தனர் என்ற மூன்றையும் கேட்டாக வேண்டும். இவற்றுள் இறுதியானதற்கு எந்தப் புள்ளிவிவர ஏட்டிலும் நிரல் கிடையாது. ஒட்டுசுட்டானுக்கோ புதுக்குடியிருப்புக்கோ ஒரு தெரிவாளர் நேரில் சென்று ஒரு முழு ஆட்டத்தைப் பார்ப்பதே அந்நிரலின் முதற்பதிவாக அமையும்.